இலவச 'எரிக்' தளமா, கட்டணத் தரவுத்தளமா? ஒரு பி.எட். கல்லூரி நூலகத்தின் கணக்கு

எங்கள் கல்லூரி உச்சிப்புளிப் பக்கம். பி.எட்., எம்.எட். இரண்டும் உண்டு, சுயநிதி. நூலகத்துக்கு நான் ஒருத்திதான், உதவியாளர் கிடையாது. சென்ற ஆண்டு, கல்லூரிகளுக்குத் தரமதிப்பீடு செய்யும் நாக் குழுவின் வருகைக்கான வேலை நடந்துகொண்டிருந்தபோது முதல்வர் கூப்பிட்டார். "கல்வியியலுக்குன்னு தனியா ஒரு டேட்டாபேஸ் வாங்கிருவோமா? தாளாளர் சரின்னுட்டார். எதுன்னு நீங்களே பாத்துச் சொல்லுங்கம்மா."

மின்னிதழ், தரவுத்தளச் சந்தா உண்டா என்று நாக் படிவத்தில் ஒரு கேள்வி வரும். அங்கே "உண்டு" என்று எழுத வேண்டும் என்பது அவர் கவலை. எம்.எட். ஆய்வேட்டுக்கு வருகிற பிள்ளைகள் முன்னாய்வுகள் பகுதியைப் பழைய ஆய்வேட்டைப் பார்த்து அப்படியே எழுதிவிடுகிறார்கள் என்பது என் கவலை. இரண்டுக்கும் சேர்த்து மருந்து தேடினேன்.

அரசின் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தை எல்லாரும் முதலில் கேட்பார்கள். 2025 ஜனவரியில் தொடங்கியது, 30 பதிப்பகங்கள், சுமார் 13,000 இதழ்கள். ஆனால் அது மத்திய, மாநில அரசு நிறுவனங்களுக்கு மட்டும். எங்களுக்கு வாசல் இல்லை. நூலகங்களுக்கான மத்திய அரசு மையமான இன்ஃப்லிப்நெட் கல்லூரிகளுக்காக நடத்தும் என்-லிஸ்ட், மின்னிதழ்களும் மின்னூல்களும் கொண்ட பொதுவான தொகுப்பு, கல்வியியல் அதில் ஒரு மூலைதான். கூகுள் ஸ்காலர் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அதில் நல்ல இதழும் காசு வாங்கிப் போடும் இதழும் ஒரே வரிசையில் நிற்கும். பி.எட். பிள்ளைக்கு வித்தியாசம் தெரியாது.

மிஞ்சியது இரண்டு வழி. ஒன்று, அமெரிக்கக் கல்வித் துறை நடத்தும் எரிக், கல்வி ஆய்வுக் கட்டுரைகளையும் அறிக்கைகளையும் தேட உதவும் இணையத் தளம். காசு இல்லை, பதிவு இல்லை. மற்றது, கட்டணத் தரவுத்தளங்கள். எப்ஸ்கோவின் எஜுகேஷன் சோர்ஸ், புரோகுவெஸ்ட்டின் கல்வித் தரவுத்தளம் போன்றவை. இவற்றில் ஒன்றை ஒரு மாதச் சோதனைக்கு வாங்கிப் பார்த்தேன். எது என்று சொல்லப்போவதில்லை. பட்ட சிரமத்தில் பாதி எங்கள் பக்கத்துக் குறை. மற்றவற்றை இணையவழி விளக்கக் கூட்டத்தில் பார்த்ததோடு சரி, ஆகவே அவற்றின் உள்விவரத்துக்கு நான் பேச வரவில்லை.

கட்டணத் தளத்தின் பலத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். முழுக் கட்டுரை அங்கே அதிகம். எப்ஸ்கோ 2011-ல் எச்.டபிள்யூ. வில்சன் நிறுவனத்தின் தரவுத்தளங்களை வாங்கியது. அந்த வில்சன் 1929-லிருந்து கல்வி இதழ்களுக்கு அட்டவணை போட்டு வந்த பழைய கை. அந்த உழைப்பு எங்கே போகும்? தேடல் பக்கம் அழகாக இருக்கிறது, மேற்கோளை அதுவே வடிவமைத்துத் தருகிறது. ஆனால் "முழுக் கட்டுரை உண்டு" என்று பட்டியலில் இருக்கும் எல்லா இதழிலும் புது இதழ் உடனே வந்துவிடாது. ஓராண்டு, ஒன்றரை ஆண்டு தள்ளித் திறப்பது பல இதழ்களில் வழக்கம். வாங்கும் முன் இதழ்ப் பட்டியலைக் கேட்டு, இதழ் தள்ளித் திறக்கும் அந்தத் தடைக்காலம் எவ்வளவு என்று பாருங்கள். (தடைக்காலம் என்றால் எங்கள் ஊரில் வேறு அர்த்தம். ஏப்ரல் 15 முதல் 61 நாள், விசைப்படகு கடலுக்குப் போகாது.) இன்னொன்று, எரிக்கின் பதிவுகளைத்தான் இந்தக் கட்டணத் தளங்களும் தங்கள் மேடையில் சேர்த்துக் காட்டுகின்றன. சோதனையில் "அட, எவ்வளவு இருக்கிறது" என்று மலைத்த முடிவுகளில் ஒரு பங்கு, வெளியே சும்மா கிடைப்பதுதான்.

என் முடிவைத் தீர்மானித்தது இது எதுவுமில்லை. பிள்ளைகள் எங்கே உட்கார்ந்து படிக்கிறார்கள் என்பதுதான்.

பி.எட். இரண்டாண்டுப் படிப்பான பிறகு, இரண்டாம் ஆண்டில் 16 வாரம் பள்ளிகளில் கற்பித்தல் பயிற்சி. அந்த நாலு மாதமும் ஒருவர் தொண்டியில், ஒருவர் சாயல்குடியில், இன்னொருவர் பாம்பனில். செயல் ஆராய்ச்சி எழுதுவது அப்போதுதான். எம்.எட். பிள்ளைகள் ஆய்வேட்டை இரவில் வீட்டில் எழுதுகிறார்கள். கல்லூரியில் இருக்கும் நாளிலும் நாலரை மணி ஆனால் பேருந்துக்கு ஓடிவிடுவார்கள். நூலகக் கணினிக்கு முன்னால் ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்காரும் பிள்ளையை நான் பார்ப்பதே அரிது. எல்லாம் செல்போன்தான்.

கட்டணத் தளமோ கல்லூரியின் ஐ.பி. முகவரியை, அதாவது இணைய இணைப்புக்குரிய எண்ணை, பார்த்துக் கதவைத் திறக்கிறது. எங்கள் பிராட்பேண்டுக்கு நிலையான ஐ.பி. கிடையாது. கரண்ட் போய் வந்து மோடம் மறுபடி உயிர்பெற்றால் எண் மாறிவிடும். கடற்கரையில் கரண்ட் போகாத வாரம் ஏது? சோதனை மாதத்தில் மூன்று முறை கதவு சாத்திக்கொண்டது. ஒவ்வொரு முறையும் புது எண்ணை எழுதி அனுப்பி, அவர்கள் சேர்க்கும்வரை காத்திருக்க வேண்டும். நிலையான ஐ.பி. வாங்கலாம், அதற்குத் தனிக் கட்டணம். வாங்கினாலும் அது கல்லூரிச் சுவருக்குள்தான். சாயல்குடியில் இருக்கும் பிள்ளைக்கு வெளியிலிருந்து நுழையும் வசதியைத் தனியாக ஏற்படுத்த வேண்டும்.

அதற்கும் வழி இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் பயனர் பெயர், கடவுச்சொல். என்-லிஸ்ட் அப்படித்தான் இயங்குகிறது, அந்த வகையில் அது நல்ல ஏற்பாடு. ஆனால் பராமரிப்பை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. ஜூலையில் புதுப் பிள்ளைகள் பட்டியல், படிப்பு முடித்தவர்களை நீக்குவது, மின்னஞ்சலைத் தப்பாக எழுதிக்கொடுத்தவர்களைத் தேடிப் பிடிப்பது. அப்புறம் இரவு ஒன்பது மணிக்கு, "மேடம், பாஸ்வேர்டு மறந்து போச்சு." சந்தாவுக்குத் தாளாளர் வருஷத்துக்கு ஒரு தடவை கையெழுத்துப் போட்டால் முடிந்தது. கடவுச்சொல் வருஷம் முழுக்க நூலகர் தலையில். ஆள்பலம் உள்ள பல்கலைக்கழக நூலகத்துக்கு இது ஒரு பொருட்டே இல்லை. ஒற்றை ஆள் நூலகத்துக்கு இதுதான் விலை.

எரிக்கில் இந்தத் தொல்லையே இல்லை. ஒவ்வொரு பதிவுக்கும் ஓர் எண் உண்டு. 'இ.ஜே.' என்று தொடங்கினால் இதழ்க் கட்டுரை, 'இ.டி.' என்று தொடங்கினால் அறிக்கை, கருத்தரங்கக் கட்டுரை மாதிரியானவை. பிள்ளை நோட்டில் அந்த எண்ணை எழுதிக்கொண்டு போனால் போதும். பயிற்சிப் பள்ளியின் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு போனில் திறக்கலாம். அடுத்த ஆண்டு வரும் பிள்ளைக்கும் அதே எண் திறக்கும். கட்டணத் தளத்தில் சந்தா நின்ற மறுநாள், சேமித்து வைத்த இணைப்பெல்லாம் பூட்டிய வீடு.

முழுக் கட்டுரை கிடைப்பது 'இ.டி.' பக்கம் அதிகம், 'இ.ஜே.' பக்கம் பெரும்பாலும் சுருக்கம் மட்டும். தேடல் பெட்டிக்குக் கீழே இரண்டு கட்டம் இருக்கும்: ஒன்று மதிப்பாய்வு செய்யப்பட்ட இதழ்கள் மட்டும், மற்றது முழுக் கட்டுரை எரிக்கிலேயே கிடைப்பவை மட்டும். இரண்டாவதை டிக் செய்துவிட்டுத் தேடச் சொல்கிறேன். இல்லாவிட்டால் நெட் பேக் தீர்ந்துவிடுகிறது. "தடைக்காலத்துல ரீசார்ஜ் பண்றதே பெரிய விஷயம் மேடம்" என்று தங்கச்சிமடத்துப் பெண் ஒருத்தி சொன்ன பிறகுதான் இது எனக்கு உறைத்தது.

எரிக்கின் பெரிய குறை சொல். அது அமெரிக்க ஆங்கிலத்தில் யோசிக்கிறது. நம் கல்வியியல் பாடத்தில் 1929-ன் ஹார்டாக் குழு தொடங்கி 'வேஸ்டேஜ் அண்ட் ஸ்டாக்னேஷன்' என்று படிக்கிறோம், அதாவது பிள்ளை படிப்பை இடையில் நிறுத்துவதும் ஒரே வகுப்பில் தேங்குவதும். அதையே எரிக்கில் அடித்த ஒரு பிள்ளை, குப்பை மேலாண்மைக் கட்டுரைகளோடு வந்து நின்றாள். அங்கே அதற்கு 'டிராப்அவுட்ஸ்', 'கிரேடு ரிபிட்டிஷன்' என்று கேட்க வேண்டும். எரிக்குக்கென்று ஒரு சொல்லடைவு இருக்கிறது. முதலில் அதில் நம் சொல்லுக்கு ஈடான சொல்லைப் பார்த்துவிட்டுத் தேடினால் வேலை பாதி முடிந்தது. பிறகு இடம் என்ற வடிகட்டியில் இந்தியாவைத் தட்டலாம். இப்படி ஐம்பது சொல்லுக்கு ஈடு எழுதி நூலக வாசலில் ஒட்டியிருக்கிறேன். அமெரிக்க இதழ்களே மிகுந்த கட்டணத் தளத்திலும் இதே சிக்கல்தான். அங்கே காசு கொடுத்துக் கஷ்டப்பட வேண்டும்.

சொல்லைச் சரிசெய்தாலும் நம் ஊர் அதில் இல்லை. கடல்பாசி எடுக்கப் போகும் தாய்மாரின் பிள்ளைகள் பள்ளிக்கு வராத நாட்களைப் பற்றி ஒரு எம்.எட். மாணவி ஆய்வு செய்தாள். சின்னப்பாலம் பக்கத்து விஷயம். எரிக்கிலும் கிடைக்கவில்லை, கட்டணத் தளத்திலும் கிடைக்கவில்லை. புலம்பெயர் தொழிலாளர் பிள்ளைகள் பற்றிய கட்டுரைகளிலிருந்து ஆய்வு முறையை எடுத்துக்கொண்டாள். தமிழ்நாட்டுச் சங்கதிக்கு, இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளை இலவசமாகத் தரும் ஷோத்கங்கா தளத்தைத்தான் நாடினோம். அதில் தமிழ் ஆய்வேடுகள் பல பழைய எழுத்துருவிலோ ஸ்கேன் படமாகவோ இருப்பதால் சொல் தேடல் வேலை செய்யாது. பொருளடக்கத்தைத் திறந்து கண்ணால்தான் மேய வேண்டும். என்.சி.இ.ஆர்.டி.யின் இதழ்களும் இணையத்தில் இலவசம். சமூகப் பின்னணிக் கட்டுரைகளுக்கு எரிக்கைவிட அவை பயன்பட்டன.

இன்னொரு சங்கடமும் உண்டு. எரிக் 1964-ல் தொடங்கியது. தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன அதே வருஷம். இத்தனை ஆண்டு நின்றது இனியும் நிற்கும் என்று நம்பியிருந்தேன். 2025-ல் அமெரிக்க அரசு செலவைக் குறைத்தபோது எரிக்கின் நிதியிலும் கை வைத்தார்கள், புதிதாகச் சேர்க்கும் இதழ்கள் குறைந்தன. இலவசம் என்பது வேறு ஒருவர் கட்டுகிற பணம்தானே. பழைய பதிவுகள் எங்களுக்குப் போதும். அண்மை ஆண்டுக் கட்டுரைதான் வேண்டும் என்கிற பிஎச்.டி. ஆய்வு மையம் இருந்தால், நிலையான ஐ.பி.யும் இன்னொரு ஆளும் இருந்தால், கட்டணத் தளத்தையே வாங்குங்கள் என்பேன்.

முதல்வரிடம் எரிக் என்றும், துணைக்கு ஷோத்கங்கா என்றும் எழுதிக்கொடுத்தேன். "இலவசமா கிடைக்கிறதை நாக்ல எப்படிம்மா காட்டுறது?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். சந்தா என்று காட்ட என்-லிஸ்ட்டில் உதவி பெறாத கல்லூரிகளுக்கான கட்டணத்தைக் கட்டியிருக்கிறோம். கடவுச்சொல் வேலை அதனால் என்னை விட்டுப் போகவில்லை, அளவுதான் குறைந்திருக்கிறது. எம்.எட். பிள்ளைகளுக்கு மட்டும் கணக்குத் தொடங்கியிருக்கிறேன். பி.எட். பிள்ளைகளுக்கு வாசலில் ஒட்டிய அந்தத் தாள். ஓரம் கிழிந்துவிட்டது, இந்த வாரம் லேமினேட் செய்ய வேண்டும்.