மூணாறு ரூட்ல கார் வச்சிருக்கவங்க கவனத்துக்கு: ஆயில் மாத்துறேன்னு ரூ.4,850 ஏமாத்திட்டாங்க

வயிறு எரியுது, அதான் சூட்டோட எழுதுறேன். போடி பக்கம் அடிவாரத்துல, மெயின் ரோட்டு மேலயே இருக்கிற ஒரு பெரிய மல்டி பிராண்ட் ஒர்க்‌ஷாப். பேர் சொல்லல.

1.2 லிட்டர் பெட்ரோல் கார், மேனுவல் புக்ல போட்டிருக்கிற ஆயில் கிரேடு 5டபிள்யூ-30. ஜனவரியில மூணாறுக்கு மேல செண்டுவாரை பக்கம் விடியக்காலை புல்லு மேல உறைபனி நிக்கும். டபிள்யூவுக்கு முன்னாடி உள்ள நம்பர் சின்னதா இருந்தாத்தான் அந்தக் குளிர்ல ஆயில் இளக்கமா ஓடும். பின்னாடி உள்ள 30, இன்ஜின் சூடானப்புறம் இருக்கிற கெட்டி. இதையெல்லாம் அந்த சூப்பர்வைசரே விளக்கினார். "அண்ணே, மூணாறு வண்டிக்கு 20டபிள்யூ-50 ஊத்துறவனை நம்பவே நம்பாதீங்க"ன்னார். இப்படிப் பேசுற ஆளை யாருதான் சந்தேகப்படுவா?

கண்ணு முன்னாடி ஒரு லிட்டர் கேன் ஒண்ணை சீல் உடைச்சு ஊத்தினாங்க. மீதி, "உள்ள அளந்து வச்சிருக்கோம்"னு ஜக்குல வந்துச்சு. ஆயில், ஃபில்டர், இன்ஜின் ஃப்ளஷ், கூலி எல்லாம் சேர்த்து ரூ.4,850.

மறுநாள் காலையில மூணாறுல சாவியைத் திருப்பினா ஸ்டார்ட்டர் இழுத்து இழுத்துச் சுத்துது. ஆயில் லைட் அணைய நேரமாகுது, மேல டேப்பெட் கடகடன்னு அடிக்குது. கெட்டி ஆயில் இன்ஜின் அடியில உள்ள சம்ப்ல இருந்து மேல உள்ள கேம்ஷாஃப்ட் வரைக்கும் ஏறுறதுக்குள்ள மேல் பாகமெல்லாம் காய்ஞ்சு உரசும். இன்ஜின் தேயுறதே இப்படித்தான்.

மிச்சம்னு அவங்க கேன்ல கொடுத்ததையும், புதுசா வாங்கின 5டபிள்யூ-30ஐயும் ஒரே மாதிரி ரெண்டு கண்ணாடி பாட்டில்ல ஊத்தி ராத்திரி வெளிய வச்சேன். காலையில சாய்ச்சா புதுசு சட்டுனு இறங்குது. அவங்களோடது வெல்லப்பாகு மாதிரி ஊருது! அடியில பார்த்தா ஃபில்டரும் பழசு. போன சர்வீஸ்ல மார்க்கர்ல எழுதின கிலோமீட்டர் அப்படியே இருக்கு, மேல துணியால துடைச்சு மட்டும் விட்டிருக்காங்க. பழைய ஆயிலை இறக்குற ட்ரெயின் போல்ட்டோட வாஷரையும் மாத்தல, நசுங்கிக் கசியுது.

போன் போட்டா "குளிருக்கு அப்படித்தான் சார் சத்தம் வரும்". அப்புறம், "500 கிலோமீட்டர் ஓட்டுங்க, ஆயில் செட் ஆயிரும்". ஆயில் செட் ஆகுறதுன்னு ஒண்ணு கிடையவே கிடையாது! நேர்ல போனா முதலாளி ஏலக்காய் ஏலத்துக்குப் போயிட்டாராம். ஃபில்டரைக் காட்டினா, "வேற எங்கயாச்சும் கழட்டி மாத்தினீங்களோ?". ரூ.4,850ல ஒத்தப் பைசா திரும்பல. பில்லுல "ஆயில் சேஞ்ச்"னு மட்டும் இருக்கு, கிரேடும் இல்ல, ஜிஎஸ்டி நம்பரும் இல்ல. எல்லாத்தையும் இறக்கிட்டு மறுபடி ஆயில், ஃபில்டர் போட்ட செலவு தனி.

விரிவா எழுதணும்னுதான் உட்கார்ந்தேன், இப்ப இவ்வளவுதான் வருது. ஜக்குல வர்ற ஆயிலை ஊத்த விடாதீங்க. ஒவ்வொரு கேனும் உங்க முன்னாடி சீல் உடையணும். காலி கேனை வாங்கி அறுத்துப் போடுங்க, ட்ரம் ஆயிலை அதுல அடைச்சுத்தான் திரும்ப விக்கிறானுக. புது ஃபில்டரை மாட்டுறதுக்கு முன்னாடி அது மேல மார்க்கர்ல கையெழுத்துப் போடுங்க. "குளிர் ஸ்பெஷல்"னு 0டபிள்யூ தலையில கட்டினா வாங்காதீங்க, மேனுவல்ல 5டபிள்யூ இருந்தா அதுவே தாராளம், மைனஸ் 30 டிகிரியில ஸ்டார்ட் டெஸ்ட் தாண்டின ஆயில் அது. டிபிஎஃப் (புகையில வர்ற கரியைப் பிடிக்கிற ஃபில்டர்) உள்ள பிஎஸ்6 டீசல்காரங்க இன்னும் உஷாரா இருங்க, சாம்பல் குறைஞ்ச ஆயில் இல்லேன்னா டிபிஎஃப் அடைச்சுக்கும். பில்லுல கிரேடு, பிராண்டு, லிட்டர் மூணும் எழுதாம காசு கொடுக்காதீங்க.

நுகர்வோர் ஹெல்ப்லைன் நம்பர் 1915ல புகார் கொடுத்தாச்சு. ரூ.4,850ம் வர்ற வரைக்கும் விடுறதா இல்ல.