விமானம் என்று துருப்பிடித்த தகரத்தைக் காட்டினார்கள், 1,320 வெள்ளி போச்சு

கோலாலம்பூரிலிருந்து சிரம்பான் பக்கம் மலையேறப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் பணம் கட்டுங்கள். நேற்று முன்தினம், சனிக்கிழமை நடந்தது. கணுக்காலில் அட்டை கடித்த இடம் இன்னும் அரிக்கிறது, கோபமும் ஆறவில்லை. நாங்கள் ஆறு பேர். காட்டு மலையில் விழுந்த பழைய போர் விமானத்தைக் காட்டும் டிரிப்புக்குத் தலைக்கு 220, மொத்தம் 1,320 வெள்ளி (ரிங்கிட்). கட்டிய பணத்துக்கு ஒரு ரசீது கூட இல்லை.

விஷயம் தெரியாதவர்களுக்கு முதலில் அந்த விமானத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 1945 ஆகஸ்ட் 15-ல் ஜப்பான் சரணடைவதாக அறிவித்துவிட்டது. எட்டு நாள் கழித்து, ஆகஸ்ட் 23-ல், பிரிட்டிஷ் விமானப்படையின் லிபரேட்டர் விமானம் ஒன்று கொக்கோஸ் தீவிலிருந்து இங்கே வந்தது. மலாயாக் காட்டுக்குள் மறைந்திருந்து ஜப்பானியரை எதிர்த்த பிரிட்டிஷ் ரகசியப் படையான ஃபோர்ஸ் 136-ன் ஆட்களுக்குச் சாமான் போடத்தான் வந்தது. நெகிரி செம்பிலானில் குனோங் தெலாப்பாக் பூரோக் மலையில் விழுந்து, உள்ளே இருந்த எட்டு பேரும் இறந்துபோனார்கள். சண்டை முடிந்த பிறகு வந்த சாவு. அவர்களுடைய எலும்புகளைக் காட்டிலிருந்து மீட்டு, 2012 அக்டோபர் 18-ல்தான் கோலாலம்பூர் செராஸ் ரோடு போர்க் கல்லறையில் இராணுவ மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். 67 வருஷம் காட்டில் கிடந்திருக்கிறார்கள்.

என் அப்பா அந்தப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். பால்மரம் வெட்டப் போகும்போது தாத்தா மலையைக் காட்டி, "அங்க ஒரு ஏரோப்ளேன் கிடக்குடா, காட்டு ஆளுங்களுக்குத்தான் வழி தெரியும்" என்பாராம். அப்புறம் அப்பா கோலாலம்பூருக்கு வந்து, செந்தூல் ரயில்வே பட்டறையில் பிட்டராக வேலை பார்த்து ஓய்வும் பெற்றுவிட்டார். இப்போது 66 வயது. ரொம்ப நாளாக அவர் கேட்டுக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்றுதான்: ஒருதடவை அந்த இடத்துக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு வர வேண்டும்.

மூன்று வாரத்துக்கு முன்னால் குறும்வீடியோ ஆப் ஒன்றில் ஒரு விளம்பரம் பார்த்தேன். மலையேற்ற டிரிப் நடத்துகிற ஆள். ஆப் பெயரையும் ஆள் பெயரையும் இங்கே போடவில்லை, போலீஸ் ரிப்போர்ட்டில் எல்லாம் இருக்கிறது. வனத்துறை பெர்மிட், கைடு, நான்கு சக்கர வண்டி, மதியச் சாப்பாடு, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து 220 என்று போட்டிருந்தான். மெசேஜ் போட்டேன். இரண்டு நிமிஷத்தில் போனே வந்துவிட்டது.

நல்ல தமிழ். எடுத்தவுடனே "அண்ணே". எட்டு பேர் கதையை அவனே சொன்னான், தேதி கூடச் சரியாக இருந்தது. அப்பாவுக்கு முட்டிவலி உண்டு, ஏற முடியுமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னான்: "அண்ணே, எனக்கும் அப்பா இருந்தாரு. உங்க அப்பாவை என் தோள்ல தூக்கிட்டாவது கொண்டு போய்க் காட்டுவேன்." அந்த வார்த்தையில்தான் நான் விழுந்தேன். சமையலறையில் நின்றுகொண்டு பேசினேன், அப்பா ஹாலில் இருந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். போனை வைத்த கையோடு 1,320 வெள்ளியையும் அனுப்பிவிட்டேன். கம்பெனிக் கணக்கு கூட இல்லை, யாரோ ஒரு பெண்ணின் பெயரில் சொந்தக் கணக்கு. கேட்டதற்கு, "வைஃப் அக்கவுண்ட் அண்ணே" என்றான்.

இன்னொன்றும் சொன்னான். "ஞாபகத்துக்கு ஒரு சின்னத் துண்டு எடுத்துட்டு வரலாம் அண்ணே, நான் பார்த்துக்கறேன்." அப்பாவிடம் சொன்னபோது அவர் முகம் மாறிவிட்டது. "சாவு விழுந்த இடத்துல இருந்து எதையும் எடுக்கக் கூடாது" என்றார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். அவன் அனுப்பிய படங்களிலும் ஒரு கோளாறு இருந்தது. லிபரேட்டருக்கு நான்கு எஞ்சின், வாலில் இரண்டு பக்கமும் இரண்டு செங்குத்துத் தகடு. அவன் அனுப்பிய ஒரு படத்தில் ஒற்றை வால். எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய படம். இதை நான் கவனித்தது ஞாயிற்றுக்கிழமை ராத்திரி.

சனிக்கிழமை விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்பினோம். நான், மனைவி, அப்பா, மச்சான், மச்சான் பிள்ளைகள் இரண்டு பேர். அப்பா முதல் நாளே பூக்கடையில் ஒரு சாமந்தி மாலை சொல்லி வாங்கி, ஈரத்துணியில் சுற்றிப் பையில் வைத்திருந்தார். சிரம்பான் டோல் தாண்டி பெட்ரோல் நிலையத்தில் நிற்கச் சொன்னான். ஐந்தரைக்கு வர வேண்டியவன் ஏழு மணி வரை வரவில்லை. கடைசியில் மோட்டார் சைக்கிளில் ஒரு பையன் வந்தான். இருபது வயது இருந்தாலே அதிகம், காலில் சிலிப்பர். "அண்ணன் வேற குரூப்போட போயிட்டாரு, நான் கூட்டிட்டுப் போறேன்." நான்கு சக்கர வண்டி எங்கே என்றால் ரிப்பேர். பெர்மிட் எங்கே என்றால் பாஸ்கிட்ட இருக்கு. காட்டு முகப்பில் அனுமதியில்லாமல் நுழையக்கூடாது என்று வனத்துறைப் பலகை நின்றது. பையன் அதைப் பார்க்காத மாதிரி பக்கத்துப் பாதையில் நுழைந்தான். நிரந்தர வனக் காப்பகத்தில் பெர்மிட் இல்லாமல் பிடிபட்டால் பத்தாயிரம் வெள்ளி வரை அபராதம், மூன்று வருஷம் வரை ஜெயில், இரண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம். மாட்டியிருந்தால் நிற்க வேண்டியது நாங்கள், என் அப்பாவும் சேர்த்து.

அங்கேயே திரும்பியிருக்கலாம். அப்பா பையைத் தூக்கித் தோளில் போட்டுவிட்டார். எனக்கு வாய் வரவில்லை.

மூன்று மணி நேரம் நடந்தோம். பையனுக்கு வழி தெரியவில்லை. நூறு அடிக்கு ஒருதரம் போனைப் பார்ப்பான், லைன் கிடைக்காமல் அங்கேயே நிற்பான். பிரம்பு முள் கிழித்து மச்சான் மகளுக்குக் கையில் ரத்தம், சின்னவன் வழுக்கி விழுந்து கணுக்கால் வீங்கிவிட்டது. முதலுதவிப் பெட்டி கிடையாது. என் மனைவி தன் துப்பட்டாவைக் கிழித்துக் கட்டினாள். மதியச் சாப்பாடு என்று ஆளுக்கு ஒரு பன்.

அப்புறம் ஒரு சரிவில் நின்று "இதுதான் அண்ணே" என்றான்.

நான்கைந்து தகரம், பாதி மண்ணுக்குள். இரண்டு மரச் சட்டம். அவ்வளவுதான். மற்றவர்கள் பேசாமல் நின்றோம். அப்பா மெதுவாகக் குனிந்து உட்கார்ந்தார். ஒரு தகரத்தை விரலால் தேய்த்து, விரலைத் திருப்பிப் பார்த்தார். செங்கல் நிறத்தில் துரு. இன்னொரு தகரத்தையும் தேய்த்தார், அதிலும் அதே துரு. நெளிநெளியாக இருந்த விளிம்பைத் தடவிப் பார்த்து, ஆணி அடித்த ஓட்டைக்குள் சுண்டுவிரலை விட்டார். பிறகு எங்களைப் பார்க்காமலே சொன்னார்: "இது கூரைத் தகரம்டா. ஏரோப்ளேன் உடம்பு அலுமினியம். அலுமினியம் சிவப்பாத் துருப் பிடிக்காது. ரிவெட் வரிசையும் இல்லை."

முப்பது வருஷத்துக்கு மேல் இரும்போடு வாழ்ந்த மனுஷன். அவரிடம் போய் இதைக் காட்டினார்கள். எஞ்சின் எங்கே என்று பையனைக் கேட்டேன், "அதெல்லாம் ஆளுங்க எடுத்துட்டாங்க" என்றான். அப்பா அவனைத் திட்டவில்லை. மாலையை மறுபடி ஈரத்துணியில் சுற்றினார். "இங்க போட வேண்டாம், இது யாரோ குடியிருந்த இடம்" என்றார், அவ்வளவுதான். இறங்கும்போது முட்டி தாங்காமல் இரண்டு இடத்தில் உட்கார்ந்துவிட்டார். தோளில் தூக்குவேன் என்றவன் எங்கே?

சாயங்காலம் லைன் கிடைத்ததும் அழைத்தேன். முதலில், "அப்படியா அண்ணே, பையன் புதுசு, நான் விசாரிக்கிறேன்." ராத்திரி, "அதுவும் ஏரோப்ளேன்தான் அண்ணே, வேற ஏரோப்ளேன்." ஞாயிறு காலையில், "ரீஃபண்ட் அட்மின்தான் பார்ப்பாங்க, பதினாலு வேலை நாள் ஆகும்." அட்மின் நம்பர் கேட்டேன். கொடுத்தான், அதிலும் அவன் குரல்தான்! மதியம், பணம் தர முடியாது, அடுத்த டிரிப்புக்குப் பாதி விலை தருகிறேன் என்றான். 1,320 வெள்ளியைத் திருப்பிக் கொடு, இல்லையென்றால் ரிப்போர்ட் போடுவேன் என்று எழுதினேன். "அண்ணே, நம்ம ஆளுங்களே இப்படிப் பண்ணலாமா?" என்று எனக்கே பதில் வந்தது. அதற்கப்புறம் என்னை பிளாக் செய்துவிட்டான். மனைவி போனிலிருந்து பார்த்தால் இன்றைக்குக் காலையில் கூடப் புது வீடியோ போட்டிருக்கிறான். அதே மலை, அதே 220.

இன்று காலை அந்த மாவட்ட வனத்துறை அலுவலகத்துக்குப் போன் செய்தேன். மரியாதையாகப் பேசினார்கள். சனிக்கிழமைக்கு எங்கள் பெயரில் பெர்மிட் எதுவும் இல்லை. கைடு என்றால் பதிவு செய்த மாலிம் குனோங், அதாவது மலை வழிகாட்டியாக இருக்க வேண்டும், அட்டை வைத்திருப்பார், கேட்டால் காட்டுவார் என்றார்கள். இந்த ஒரு போனை மூன்று வாரத்துக்கு முன்னால் போட்டிருந்தால் 1,320 வெள்ளியும் அப்பாவின் முட்டியும் தப்பியிருக்கும்.

வேலைக்கு நடுவில் எழுதுகிறேன், அவசரமாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் பெயர் போட்ட பெர்மிட்டைக் கண்ணால் பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள். கைடு அட்டையை முன்கூட்டியே கேளுங்கள். சொந்தக் கணக்குக்குப் பணம் கேட்டால் அந்த நம்பரை, மோசடிப் புகார் உள்ள கணக்கா என்று பார்க்க உதவும் போலீஸின் செமாக் மியூல் (Semak Mule) இணையப் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். நான் பணம் போன பிறகு போட்டுப் பார்த்தேன், ஏற்கனவே புகார் இருக்கிறது. ஏமாந்தது தெரிந்தால் உடனே மோசடிப் புகார் எண் 997-க்கும் பேங்குக்கும் அழையுங்கள். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 வெள்ளி வரை வழக்குப் போடலாம், கட்டணம் ஐந்து வெள்ளிதான். நான் போடப் போகிறேன்.

மாலை இன்னும் ஃபிரிட்ஜில் இருக்கிறது. ஓரத்துப் பூக்கள் கறுத்துவிட்டன. ஐந்து மணிக்கு அப்பாவை செராஸ் ரோடு கல்லறைக்குக் கூட்டிப் போகிறேன், அந்த எட்டு பேரும் அங்கேதான் இருக்கிறார்கள்.