பழைய சி10 பிக்கப்பில் 5.3 லிட்டர் வி8: நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

ஆறு சிலிண்டர் கொண்ட 4.1 லிட்டர் எஞ்சினோடு வந்த, 1970களைச் சேர்ந்த என் செவ்ரோலே சி10 பிக்கப்பில், பிற்காலத்தில் அதே நிறுவனத்தின் பிக்கப்புகளில் வந்த எல்எம்7 என்னும் 5.3 லிட்டர் வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சினைப் பொருத்திச் சில ஆண்டுகளாக ஓட்டி வருகிறேன். எஞ்சின் மாற்றத்தைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் முதல் ஸ்டார்ட்டோடு நின்றுவிடுகிறது. வண்டி சுமையோடும் வெயிலிலும் தொடர்ந்து உழைத்த பிறகு தெரியவருவதைச் சொல்வதே இங்கே என் நோக்கம்.

பழைய எஞ்சினின் குதிரைத்திறன் நூறை ஒட்டியது. எல்எம்7 அந்தந்த ஆண்டின் தயாரிப்பைப் பொறுத்து 270 முதல் 295 வரை தருகிறது. ஆனால் அன்றாட ஓட்டத்தில் நான் மிகுதியாக உணர்வது அந்தக் கூடுதல் திறனைவிட, எஞ்சினோடு சேர்ந்து வந்த 4எல்60இ ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் பயனைத்தான். பழைய மூன்று கியர் பெட்டியில் கடைசி கியரின் விகிதம் 1:1. பின் ஆக்சிலின் விகிதம் 3.73 ஆகவும், டயர் 235/75 ஆர்15 ஆகவும் இருக்கையில், மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,700 சுற்று சுற்றியாக வேண்டும். புதிய பெட்டியின் நான்காம் கியர் 0.70 என்பதால் அதே வேகத்துக்கு 1,900 சுற்றே போதும். நெடுஞ்சாலையில் கேபினுக்குள் பேச்சுக் கேட்கிறது. மைலேஜும் பழைய எஞ்சினைவிடக் குறையவில்லை, சீரான வேகத்தில் சற்றே கூடியிருக்கிறது. நகர நெரிசலில் அந்த ஆதாயம் கிடைப்பதில்லை.

மாற்றத்துக்குப் பிறகு எனக்கு அதிக வேலை வைத்தது பெட்ரோல் டேங்க். பழைய எஞ்சினில் பெட்ரோலைக் காற்றோடு கலந்து தரும் கார்புரேட்டருக்கு 0.4 பார் அளவு அழுத்தம் போதும்; இந்த இன்ஜெக்‌ஷன் அமைப்புக்கோ சுமார் 4 பார் வேண்டும். அதற்காக டேங்கினுள் மின்சார பம்ப் வைத்தாயிற்று. ஆனாலும் டேங்க் கால் பங்குக்குக் கீழே இறங்கிய நிலையில் நீண்ட வளைவு ஒன்றைக் கடக்கும்போது எஞ்சின் ஒரு கணம் விக்கி, வளைவு முடிந்ததும் தானே சரியாகிவிடும். தடுப்புத் தகடுகள் இல்லாத பழைய டேங்கில் பெட்ரோல் ஒரு பக்கமாக ஒதுங்க, பம்ப் காற்றை உறிஞ்சியதே காரணம். கார்புரேட்டரின் கிண்ணத்தில் எப்போதும் சிறிது பெட்ரோல் தேங்கியிருக்கும் என்பதால் முன்பு இந்தக் குறை வெளியே தெரிந்ததே இல்லை. பம்பைச் சுற்றித் தடுப்புள்ள புதிய டேங்க் போட்ட பிறகுதான் அந்த விக்கல் முற்றிலும் நின்றது. இதே மாற்றத்தைத் திட்டமிடுபவர்கள் டேங்க்குக்கான செலவை முதலிலேயே கணக்கில் சேர்த்துக்கொள்வது நல்லது.

குளிர்விப்பில் கவனிக்க வேண்டியது சிலிண்டர் ஹெட்டுகளின் முன்புறத்திலிருந்து வரும் மெல்லிய நீராவிக் குழாய். பழைய ரேடியேட்டரில் அதற்கு இணைப்பு இல்லை என்பதற்காக அதை அடைத்துவிடும் வழக்கத்தைப் பல வண்டிகளில் பார்த்திருக்கிறேன். அப்படி அடைத்தால் ஹெட்டின் மேற்பகுதியில் ஆவி தங்கி, அந்த இடம் மட்டும் அளவுக்கு மீறிச் சூடாகும். ரேடியேட்டரின் மேல்பகுதியில் ஒரு இணைப்பை வைத்து அதைச் சேர்த்ததால், சுமையோடு ஏற்றம் ஏறும்போதும் வெப்பமுள் நிலையாக நிற்கிறது. கியர்பாக்ஸ் ஆயிலுக்குத் தனிக் கூலர் வைத்ததும் வீண்போகவில்லை.

எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியில் திருட்டுத் தடுப்பு அமைப்பை நீக்கியாக வேண்டும். இல்லாவிட்டால் எஞ்சின் ஸ்டார்ட் ஆகி ஓரிரு நொடிகளில் அணைந்துவிடும். அது ஒரு முறை செய்யும் வேலை. எர்த் இணைப்புகளோ தொடர்ந்து கவனம் கேட்பவை. ஒரு கட்டத்தில் ஹெட்லைட்டைப் போட்டவுடன் வெப்பமுள் மேலேறத் தொடங்கியது. சூடு ஏறவில்லை, பாடிக்கும் சேஸிஸுக்கும் இடையிலான எர்த் கம்பியின் முனை துருப்பிடித்திருந்ததால் மீட்டர் தவறாகக் காட்டியது. எஞ்சின், சேஸிஸ், பாடி மூன்றையும் தடித்த கம்பிகளால் இணைத்து, முனைகளைப் பெயின்ட் நீங்கச் சுரண்டிப் பொருத்தியதும் மின்சாரத் தொல்லை எதுவும் திரும்பி வரவில்லை.

எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் பாத்திரமான சம்ப்பைப் பொறுத்தவரை, பிக்கப்புக்கான ஆழமான சம்ப் முன் குறுக்குச் சட்டத்துக்குக் கீழே தொங்கும் என்பதால் ஆழம் குறைந்ததை மாற்றிப் போட்டேன். அதில் குறை ஏதும் இல்லை.

பிரேக் விஷயத்தில் மட்டும் இன்னும் நிறைவில்லை. முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் என்ற பழைய அமைப்பே இருக்கிறது. வெறும் வண்டிக்கு அது போதுமானது. ஆனால் நான்காம் கியரில் எஞ்சினின் பிடி குறைவு என்பதால், முன்பு மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் இறங்கிய சரிவுகளில் இப்போது வேகம் தானாகவே கூடிவிடுகிறது. ஆகவே சுமையோடு இறங்கும்போது லீவரை மூன்றாம் கியருக்குக் கொண்டுவந்து, எஞ்சின் பிடியிலேயே வண்டியை வைத்திருக்கிறேன். பின் சக்கரங்களுக்கும் டிஸ்க் போடும் வேலையை இந்த ஆண்டுக்குள் முடித்துவிடத் தீர்மானித்திருக்கிறேன்.