தோளில் கால்சியம் படிவு: காத்திருப்பதா, ஊசியா, ஷாக்வேவா, அறுவையா?

ராத்திரி இரண்டு மணிக்குத் தோள் வலி தாங்காமல் எழுந்து உட்கார்கிறார் ஒருவர். மறுநாள் எக்ஸ்ரேயில் தோள் எலும்புக்கு மேலே வெள்ளையாக ஒரு திட்டு. “தசைநாரில் கால்சியம் படிந்திருக்கிறது” என்கிறார் மருத்துவர். அன்றோடு வீட்டில் பாலும் கேழ்வரகுக் கூழும் நின்றுவிடும். என் அக்கா வீட்டில் அப்படித்தான் நடந்தது. மூன்று மாதம் மோர்கூடத் தொடவில்லை, பாவம்.

அது வீண் பத்தியம். இந்த நோய் உள்ளவர்களுக்கு ரத்தத்தில் கால்சியம் பெரும்பாலும் சரியான அளவில்தான் இருக்கும். கையைத் தூக்க உதவும் தசைநாருக்குள், அங்குள்ள செல்களே கால்சியத்தைச் சேர்த்து வைக்கின்றன. 30 முதல் 60 வயதுக்குள், பெண்களிடம் சற்று அதிகம். சர்க்கரை நோய், தைராய்டு கோளாறு உள்ளவர்களிடமும் கூடுதலாகத் தெரிகிறது. சாப்பாட்டுக் கால்சியத்துக்கும் இதற்கும் தொடர்பு கிடையாது.

எந்தச் சிகிச்சை என்று அலசுவதற்கு முன் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். படிவு எப்போதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. உருவாகும்போதும், பிறகு சும்மா கிடக்கும்போதும் கரும்பலகைச் சுண்ணக்கட்டி போலக் காய்ந்து கெட்டியாக இருக்கும். அப்போது லேசான வலிதான், சிலருக்கு அதுவும் இல்லை. 1941இல் அமெரிக்காவில் 12,122 தோள்களைப் பரிசோதித்தபோது 2.7 சதவீதத்தில் படிவு இருந்தது. அவர்களில் பலருக்குத் தொந்தரவே இல்லை. பிறகு ஒருநாள் உடம்பே அதைக் கரைக்கத் தொடங்கும். படிவு பற்பசை போல இளகி, வீங்கி, அழுத்தம் கூடும். தூங்கவிடாத வலி அப்போதுதான் வருகிறது. அதாவது உயிர் போகிற மாதிரி வலிக்கும் அந்த நாட்கள், பல நேரம் நோய் விடைபெறும் நாட்கள். இதை யாராவது முதலிலேயே சொல்லியிருந்தால் அக்கா பாதி பயத்தைத் தாண்டியிருப்பார்.

முதல் வழி, காத்திருப்பது. வலி மாத்திரை, ஐஸ் ஒத்தடம், சில நாள் ஓய்வு, அப்புறம் பிசியோதெரபி. பலருக்கு இதிலேயே சரியாகிவிடும். ஆனால் மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். வலிக்கிறதே என்று கையை அசைக்காமலே வைத்திருந்தால் தோள் இறுகிப்போகும், அது தனித் தொல்லை.

ஸ்டீராய்டு ஊசி வலியைச் சீக்கிரம் அடக்கும். படிவைக் கரைக்காது. பலன் சில வாரங்கள், நல்லபடியாக இருந்தால் அதற்கும் மேல். சர்க்கரை நோயாளிகளுக்கு ஊசிக்குப் பிறகு சில நாட்கள் சர்க்கரை ஏறும். அக்காவுக்கு ஊசி போட்ட இடத்தில் யாரும் இதைச் சொல்லவில்லை, வீட்டில் சோதித்துப் பார்த்துத்தான் பதறினோம்.

ஊசியால் கழுவி எடுப்பதுதான் கேட்க மிகவும் நியாயமாகத் தோன்றும் வழி. மரத்துப்போக ஊசி போட்டு, அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே படிவுக்குள் ஊசியை நுழைத்து, உப்புநீரை உள்ளே செலுத்தித் திரும்ப உறிஞ்சுவார்கள். சிரிஞ்சுக்குள் பால் கலங்கியது போல வெள்ளையாக வரும். கூடவே ஸ்டீராய்டும் போடுவார்கள். கண்ணெதிரே கால்சியம் வெளியேறுவதைப் பார்க்கும்போது இதைவிட நல்லது இருக்க முடியாது என்றே தோன்றும். நானும் அப்படித்தான் நம்பினேன். 2023இல் வெளியான ஓர் ஆய்வு அந்த நம்பிக்கையை அசைத்துவிட்டது. நார்வேயிலும் ஸ்வீடனிலும் நீண்ட நாள் வலியோடு இருந்த 220 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குக் கழுவலும் ஸ்டீராய்டும், அடுத்ததற்குக் கழுவுவதுபோலப் பாவனையும் ஸ்டீராய்டும், மூன்றாவதற்கு வெறும் பாவனை. ஆறு வாரத்தில் ஸ்டீராய்டு பெற்றவர்கள் சற்று முன்னே இருந்தார்கள். நான்கு மாதத்தில் மூன்று பிரிவும் ஏறக்குறைய ஒரே அளவு தேறியிருந்தன. ஆகவே பழைய, கெட்டியான படிவுக்குக் கழுவலை முதல் வழியாக நான் சொல்லமாட்டேன். படிவு இளகி, வலி உச்சத்தில் இருப்பவரின் கதை வேறு. அப்போது உறிஞ்சினால் எளிதாக வரும், அழுத்தமும் இறங்கும். அவருக்கு அதைக் கேட்டுப் பார்க்கலாம்.

ஷாக்வேவ் நேர் எதிர். வெளியிலிருந்து அதிர்வலை செலுத்துவதால் ஊசி, தையல் எதுவும் இல்லை. கெட்டியான, நாள்பட்ட படிவுக்குத்தான் இது பொருத்தம், வலி கொதிக்கும் கட்டத்துக்கு அல்ல. 2003இல் வெளியான 144 பேர் ஆய்வில் அதிக ஆற்றல் அலை குறைந்த ஆற்றல் அலையைவிடவும், இரண்டும் போலிச் சிகிச்சையைவிடவும் நன்றாக வேலை செய்தன. அங்கேதான் கவனம் தேவை. ஷாக்வேவ் என்ற ஒரே பெயரில் வெவ்வேறு ஆற்றலுள்ள இயந்திரங்கள் இருக்கின்றன. பணம் கட்டும் முன் எந்த வகை, எத்தனை அமர்வு என்று கேளுங்கள். சிகிச்சையின்போது நன்றாகவே வலிக்கும். கர்ப்பிணிகளுக்கும், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களுக்கும் பொதுவாக இதைத் தவிர்ப்பார்கள்.

அறுவை கடைசி வழி. ஆறு மாதமாவது மற்றவற்றைப் பார்த்துவிட்டு யோசிக்க வேண்டியது. சிறு துளை வழியாகக் கேமரா விட்டுப் படிவைச் சுரண்டி எடுப்பார்கள். எடுத்த இடத்தில் தசைநாரில் பள்ளம் விழுந்தால் தைக்க வேண்டிவரும். பழைய வேலைக்குத் திரும்பச் சில மாதங்கள் ஆகும்.

என்னைக் கேட்டால், முதலில் எக்ஸ்ரேயோடு அல்ட்ராசவுண்டும் பார்த்து, படிவு கெட்டியா இளகலா என்று மருத்துவரிடம் கேட்பேன். கெட்டியென்றால் மூன்று மாதம் பயிற்சி, தீராவிட்டால் ஷாக்வேவ். இளகலென்றால் வலியை அடக்கிக்கொண்டு காத்திருப்பது, தூக்கமே போனால் ஊசியால் உறிஞ்சி எடுப்பது. காய்ச்சலோடு தோள் சிவந்து சூடாக இருந்தால் அது கிருமித் தொற்றாக இருக்கலாம். அன்றே ஓட வேண்டும்.

சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் செய்பவருக்கு இந்த ஒப்பீடு எதுவும் பொருந்தாது. அவருக்கு ரத்தத்தில் பாஸ்பேட் ஏறி, மூட்டைச் சுற்றியும் ரத்தக் குழாயிலும் தோலிலும்கூடக் கால்சியம் படியலாம். கட்டியைச் சுரண்டி எடுத்தாலும், ரத்தம் சரியாகாதவரை திரும்ப வரக்கூடும். அவருக்கான வழி உணவுக் கட்டுப்பாடு, சாப்பாட்டிலுள்ள பாஸ்பேட் ரத்தத்தில் சேராமல் தடுக்க அதோடு எடுக்கும் மாத்திரை, சரியான டயாலிசிஸ், தேவைப்பட்டால் பாராதைராய்டு சுரப்பிக்கு (கழுத்தில் இருந்து ரத்தக் கால்சியத்தைக் கட்டுப்படுத்துவது) சிகிச்சை. அவர் முதலில் போக வேண்டியது எலும்பு மருத்துவரிடம் அல்ல, தன் சிறுநீரக மருத்துவரிடம்.