அச்சா, பிடிஎஃப்பா?

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்களோடு தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்தது. 1911 வரை வந்த ஒப்பந்தத் தொழிலாளர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். அவர்களைப் பற்றிய ஆய்வுநூல்களை அச்சில் வாங்குவதா, பிடிஎஃப்பில் படிப்பதா என்று டர்பனில் இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த் பகுதியில் அடிக்கடி கேட்கிறார்கள்.

விலையில் போட்டியே இல்லை. இங்கே புத்தகத்துக்கும் 15 சதவீத வாட் வரி உண்டு. தென்னாப்பிரிக்க மனித அறிவியல் ஆய்வு மன்றத்தின் பதிப்பகமான எச்எஸ்ஆர்சி பிரஸ்ஸோ தன் நூல்கள் பலவற்றை இணையத்தில் இலவசமாகவே தருகிறது.

முன்னோர் பெயரைத் தேடத்தான் சிக்கல். பிடிஎஃப்பில் நொடியில் தேடலாம், உண்மைதான். ஆனால் கப்பல் பதிவேட்டில் எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதிவைத்தார்கள். முனுசாமி என்று தேடினால் 'மூன்சாமி' அகப்படமாட்டார். அச்சு நூலின் பின்பக்கச் சொல்லடைவில் விரலை ஓட்டினால், சற்று மேலேயோ கீழேயோ மாட்டுவார். எனக்கு அப்படித்தான் ஒரு பூட்டன் கிடைத்தார்!

அட்டவணைகளைக் கைபேசியில் படிப்பது தண்டனை. மின்வெட்டு நேரத்தில் சொல்லவே வேண்டாம்.

நான் முதலில் பிடிஎஃப்பை இறக்கிவிடுவேன். மூன்றாம் முறை அதே அத்தியாயத்துக்குத் திரும்பினால் அச்சுப் பிரதி வாங்குவேன். ஆயாவிடம் பழைய படங்களைக் காட்டுவதற்கும் அதுதான் தோது; திரையைத் தொட்டாலே அவருக்குப் பக்கம் ஓடிவிடுகிறது.