ஜப்பான் பொதுத் தொலைபேசி: நாணயமா, அட்டையா?

செல்போனும் ரொக்கமில்லாப் பணமும் வந்து எண்ணிக்கை சுருங்கினாலும், ஜப்பானில் பச்சைப் பொதுத் தொலைபேசிகள் இன்னும் உண்டு. அங்கே போகிறவர் பையில் எதை வைத்துக்கொள்வது?

செலவு: 100 யென் நாணயத்துக்கு மீதிச் சில்லறை வராது, இரண்டு வார்த்தை பேசினாலும் முழுசும் போச்சு. 10 யென் நாணயங்கள் போட்டால், செலவாகாதவை திரும்ப விழும். முன்பணம் கட்டி வாங்கும் தொலைபேசி அட்டையில் பேசிய அளவுக்கே கழியும்.

வசதி: 1982-ல் வந்த அட்டைதான். நாணயம் பாக்கெட்டில் கனக்கும்.

நம்பகம்: விஷயமே இங்கேதான். கரன்ட் போனால் அட்டை வேலை செய்யாது, நாணயம் செய்யும். நிலநடுக்க நாட்டில் இது சின்ன வித்தியாசமா? (போலீஸுக்கு 110, ஆம்புலன்ஸுக்கு 119 அழைக்க இரண்டுமே தேவையில்லை.)

அடிக்கடி பேசுபவருக்கு அட்டை. அவசரத்துக்கு மட்டும் என்றால் நாலைந்து 10 யென் நாணயங்கள் போதும்.