சம்பளத்தில் பிடித்த வரி அரசுக்குப் போகவில்லை: எனக்கு வந்த 56,430 ரூபாய் நிலுவை

சென்னை தண்டையார்பேட்டையில் சரக்குப் பெட்டகங்களைக் கையாளும் ஒரு தனியார் நிறுவனத்தின் ஆவணப் பிரிவில் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்தேன். அந்த நிறுவனம் என் சம்பளத்தில் மாதந்தோறும் வருமான வரி என்று பிடித்த பணத்தில், ஒன்பது மாதப் பணத்தை அரசுக்குக் கட்டவே இல்லை. அதே பணத்தை வட்டியுடன் நான் கட்ட வேண்டும் என்று 2023 நவம்பரில் எனக்கு அறிவிப்பு வந்தது. துறைமுகத்தை நம்பி இயங்கும் இத்தகைய சிறு நிறுவனங்கள் இராயபுரம் முதல் மணலி வரை ஏராளம். அவற்றில் வேலை பார்ப்பவர்கள் தங்கள் கணக்கை இப்போதே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக, நடந்ததை முழுமையாக எழுதுகிறேன்.

2022-23 நிதியாண்டில் என் மாதச் சம்பளம் 80,000 ரூபாய். பழைய வரிமுறைப்படி நிலையான கழிவு 50,000, சேமிப்புக்கான கழிவு 1,50,000, தொழில் வரி 2,500 ஆகியவை போக, வரிக்குரிய வருமானம் 7,57,500 ரூபாய். செஸ் என்ற கூடுதல் வரியும் சேர்த்து வரி 66,560 ரூபாய். நிறுவனம் அதைப் பன்னிரண்டாகப் பிரித்து மாதம் 5,547 ரூபாய் பிடித்தது. வருங்கால வைப்பு நிதிக்கு 1,800 ரூபாயும் போக, 72,653 ரூபாய் என் வங்கிக் கணக்கில் ஏறும். தொழில் வரி பிடிக்கும் இரண்டு மாதங்கள் நீங்கலாக ஆண்டு முழுவதும் அதே தொகைதான். சம்பளச் சீட்டிலும் வங்கியிலும் கணக்கு பிசகாமல் இருந்ததால், வரி ஒழுங்காகக் கட்டப்படுகிறது என்றே நம்பினேன்.

சம்பளத்தையும் அதில் பிடித்த வரியையும் காட்டி நிறுவனம் தரும் சான்றிதழான படிவம் 16 வாங்கும்போது முதல் அறிகுறி தெரிந்தது. நிதியாண்டு முடிந்த பிறகு ஜூன் 15-க்குள் தர வேண்டிய அந்தப் படிவம் ஜூலை கடைசி வாரம்தான் கைக்கு வந்தது. கேட்டபோதெல்லாம் கணக்குப் பிரிவில் இருந்த தம்பி, “அக்கா, போர்ட்டல் சரியா வேலை செய்யல, வந்ததும் தர்றேன்” என்பார். கடைசியில் அவர் தந்தது கணினியில் தட்டச்சு செய்து, நிறுவன முத்திரை குத்திய ஒரு தாள். உண்மையான படிவம் 16-இன் இரண்டு பகுதிகளும் வருமான வரித் துறையின் டிரேசஸ் இணையதளத்திலிருந்துதான் பதிவிறக்கப்பட வேண்டும். நிறுவனம் வரியைக் கட்டி, காலாண்டுக் கணக்கையும் தாக்கல் செய்திருந்தால்தான் அந்தத் தளம் சரியான படிவத்தைத் தரும். இது எனக்கு அப்போது தெரியாது. பழைய வண்ணாரப்பேட்டையில், என் வரிக்கணக்கை 600 ரூபாய் வாங்கிக்கொண்டு தாக்கல் செய்து கொடுத்த வரி ஆலோசகருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர் அந்தத் தாளைப் பார்த்து அப்படியே எண்களை நிரப்பி, ஜூலை 31-க்கு முன் அனுப்பிவிட்டார். நம் பெயரில் அரசுக்கு வந்து சேர்ந்த வரியைக் காட்டும் படிவம் 26ஏஎஸ் என்ற பக்கத்தை ஒரு முறை திறந்து ஒப்பிட்டிருந்தால், ஐந்து நிமிடத்தில் உண்மை வெளிப்பட்டிருக்கும்.

நவம்பரில் வருமான வரித் துறையின் பெங்களூரு மையத்திலிருந்து, நான் தாக்கல் செய்த கணக்கைச் சரிபார்த்து 143(1) பிரிவின்கீழ் ஓர் அறிவிப்பு மின்னஞ்சலில் வந்தது. அந்தக் கோப்பைத் திறக்க, பான் எண்ணைச் சிறிய எழுத்துகளில் அடித்து, அதனுடன் பிறந்த தேதியைச் சேர்க்க வேண்டும். வேலை முடிந்து பேருந்தில் வரும்போது திறந்து பார்த்தேன். இரண்டு பத்திகளில் கணக்கு இருந்தது. நான் காட்டிய பிடித்த வரி 66,564. அவர்கள் ஏற்றுக்கொண்டது 16,641. அதாவது ஏப்ரல், மே, ஜூன் ஆகிய மூன்று மாத வரி மட்டுமே என் பெயரில் வரவு வைக்கப்பட்டிருந்தது. மீதி 49,919 ரூபாயுடன், முன்கூட்டியே வரி கட்டாததற்காக 234பி, 234சி பிரிவுகளின்படி வட்டியும் சேர்த்து, 56,430 ரூபாயை 30 நாளுக்குள் கட்டச் சொல்லியிருந்தது.

நிறுவனம் ஒரு மாதத்தில் பிடிக்கும் வரியை அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் அரசுக்குக் கட்ட வேண்டும். மார்ச் மாதத்துக்கு மட்டும் ஏப்ரல் 30 வரை அவகாசம் உண்டு. மூன்று மாதத்துக்கு ஒரு முறை, யார் யாரிடம் எவ்வளவு பிடித்தது என்று பான் எண் வாரியாக 24கியூ என்ற கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். அதன் பிறகுதான் அந்தத் தொகை நம் 26ஏஎஸ்-இல் ஏறும். ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான கணக்குக்கு அக்டோபர் 31 கடைசி நாள். ஆகவே 2022 நவம்பரிலேயே நான் அந்தப் பக்கத்தைப் பார்த்திருந்தால், பாக்கி மூன்று, நான்கு மாதத்தோடு நின்றிருக்கும். என்னுடன் அதே அறையில் உட்கார்ந்திருந்த மற்றவர்களையும் எச்சரித்திருக்க முடியும். இன்றுவரை என்னை வருத்துவது இதுதான்.

மறுநாள் உரிமையாளரைச் சந்தித்தேன். வர வேண்டிய பில் பணம் முடங்கிக் கிடக்கிறது, அடுத்த மாதம் கட்டிவிடுவோம், வெளியில் பேச வேண்டாம் என்றார். எங்கள் சம்பளத்திலிருந்து எடுத்த பணம் அது. அவருடைய பில் பாக்கிக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. வரி ஆலோசகரிடம் போனபோது, “முதல்ல கட்டிடுங்க மேடம், இல்லன்னா வட்டி ஏறிட்டே போகும்” என்றார். கழுத்துச் சங்கிலியை அடகு வைப்பது என்று முடிவெடுத்து, கடை வரை போய்விட்டேன். அங்கிருந்தபடி என் நாத்தனாரிடம் பேசியபோது, இராயபுரத்தில் அவருக்குத் தெரிந்த பட்டயக் கணக்காளர் ஒருவரை முதலில் பார்க்கச் சொன்னார். அதனால்தான் தப்பித்தேன்.

அந்தக் கணக்காளர் விளக்கியதை இங்கே எழுதுகிறேன். 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 199-ஆம் பிரிவின்படி, அரசுக்கு வந்து சேர்ந்த பணத்துக்குத்தான் வரவு வைப்பார்கள். அதனால்தான் கணினி எனக்கு நிலுவை காட்டியது. ஆனால் 205-ஆம் பிரிவு, ஒருவருடைய வருமானத்தில் வரி பிடிக்கப்பட்டிருந்தால், பிடித்த அளவுக்கு அவரிடம் மறுபடியும் வரி கேட்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. மத்திய நேரடி வரிகள் வாரியம் 2015 ஜூன் 1 அன்று எழுதிய கடிதத்திலும், 2016 மார்ச் 11 அன்று வெளியிட்ட குறிப்பாணையிலும், இத்தகைய நிலுவையை ஊழியரிடம் வற்புறுத்தி வசூலிக்கக் கூடாது என்று தன் அதிகாரிகளுக்கே அறிவுறுத்தியிருக்கிறது. கிங்ஃபிஷர் விமான நிறுவனம் பிடித்த வரியைக் கட்டாமல் விட்டபோது, அதன் ஊழியர்கள் நீதிமன்றம் வரை போனார்கள். அந்த வழக்குகளில் ஒன்றில் டெல்லி உயர் நீதிமன்றம் 2023 பிப்ரவரியில், ஊழியருக்குத் திரும்பச் சேர வேண்டிய வரிப் பணத்திலும் (ரீஃபண்ட்) இந்த நிலுவையைக் கழித்துக்கொள்ளக் கூடாது என்று தீர்ப்பளித்தது. (2026 ஏப்ரல் 1 முதல் அமலாகும் புதிய சட்டத்தில் பிரிவு எண்கள் வேறு, 2022-23 கணக்குக்குப் பழைய சட்டமே பொருந்தும்.)

இந்தப் பாதுகாப்பு கிடைக்க, வரி உண்மையில் பிடிக்கப்பட்டது என்பதை நாம் நிரூபிக்க வேண்டும். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் மாமனார், வீட்டுக்கு வரும் எந்தத் தாளையும் டேக் போட்டுக் கோப்பில் சேர்த்துவிடுவார். மிக்ஜாம் புயல் மழையில், டிசம்பர் 4 அன்று வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்தபோது, அவர் முதலில் பரண்மேல் தூக்கி வைத்தது அந்தக் கோப்பைத்தான். பன்னிரண்டு சம்பளச் சீட்டுகளையும் 72,653 ரூபாய் வரவு காட்டும் வங்கிக் கணக்கையும் அதிலிருந்தே எடுத்தோம். மின்சாரம் திரும்பியதும் வருமான வரி இணையதளத்தில் நிலுவைக்குப் பதில் அளிக்கும் பக்கத்தைத் திறந்து, ‘நிலுவையை ஏற்கவில்லை’ என்று குறித்துக் காரணத்தையும் எழுதினோம். அந்தப் பக்கத்தில் ‘நிலுவை சரி’ என்று ஒரு முறை ஒப்புக்கொண்டுவிட்டால், பிறகு அங்கே மறுக்க முடியாது. நான் பதற்றத்தில் அதைத்தான் அழுத்த இருந்தேன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

அத்துடன் 205-ஆம் பிரிவையும் வாரியத்தின் இரண்டு ஆணைகளையும் குறிப்பிட்டு, சான்றுகளின் நகல்களை இணைத்து, நுங்கம்பாக்கம் ஆயக்கர் பவனில் மதிப்பீட்டு அதிகாரிக்கு மனு கொடுத்துக் கையொப்பம் வாங்கினேன். வரிப் பிடித்தப் பிரிவுக்குத் தனியாக ஒரு புகாரும் எழுதினேன். என்னுடன் வேலை பார்த்த நான்கு பேர் அதில் கையெழுத்திட்டார்கள். பிடித்த வரியைக் கட்டாத நிறுவனம் மாதத்துக்கு 1.5 சதவீத வட்டி கட்ட வேண்டும். அப்போது 276பி பிரிவின்படி மூன்று மாதம் முதல் ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கும் இடம் இருந்தது. புகார் போன பிறகுதான் நிறுவனம் அசைந்தது. 2024 மார்ச்சில் இரண்டு காலாண்டுகளுக்கான வரியைக் கட்டிக் கணக்கும் தாக்கல் செய்தது. 26ஏஎஸ்-இல் தொகை ஏறியதும், 154-ஆம் பிரிவின்கீழ்த் திருத்தம் கோரி விண்ணப்பித்தேன். நிலுவை பெருமளவு குறைந்தது.

புகாரில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர் 2022 அக்டோபரிலேயே வேறு நிறுவனத்துக்குப் போனவர். அவருக்கு இதோடு வேறொரு நிலுவையும் சேர்ந்து வந்தது. அது யாருடைய மோசடியும் அல்ல. பழைய இடத்தில் வாங்கிய சம்பளத்தைப் படிவம் 12பி மூலம் புதிய இடத்தில் தெரிவிக்காததால், 2,50,000 ரூபாய் வரி விலக்கும் நிலையான கழிவும் இரண்டு இடத்திலும் கணக்கிடப்பட்டு, பிடித்த வரி குறைந்துவிட்டது. அந்தத் தொகையை அவர் கட்டித்தான் ஆக வேண்டும். எந்த நிலுவையை மறுக்கலாம், எதைக் கட்ட வேண்டும் என்று பிரித்துப் பார்க்காமல் இரண்டையும் மறுத்து எழுதியதால், அவருடைய வழக்கு இன்னும் சிக்கலாக இருக்கிறது.

என் கணக்கில் ஜனவரி முதல் மார்ச் வரை பிடித்த 16,641 ரூபாய் மட்டும் இன்னும் ஏறவில்லை. நான் அங்கிருந்து விலகிவிட்டேன். புதிய நிறுவனத்தில் ஆகஸ்ட், நவம்பர், பிப்ரவரி, ஜூன் மாதங்களில் 26ஏஎஸ் பக்கத்தைப் பதிவிறக்கி, மாமனாரின் கோப்பில் சேர்த்துவருகிறேன். பழைய நிறுவனத்தில் இப்போதும் இருப்பவர்கள் சம்பளச் சீட்டு கேட்டால், ஆறு மாதமாகக் கையில் தருவதில்லை, கணினியில் காட்டிவிட்டு மூடிவிடுகிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். அவர்கள் மின்னஞ்சலில் எழுத்துமூலம் கேட்டு வாங்கி வைக்க வேண்டும்; தர மறுத்தால், அந்த மின்னஞ்சலும் வங்கிக் கணக்கும்தான் நாளை அவர்களிடம் இருக்கப்போகும் சான்று.